காலையில் வராத காற்று

பாண்டிச்செல்வி என்ன படிக்கிறாள் என்று நாரணாபுரத்தில் யாரைக் கேட்டாலும், "பேய்க்காத்து படிக்கா" என்றுதான் சொல்வார்கள். அவள் அம்மா கருப்பம்மாள் ஆரம்பத்தில் "காத்து படிக்கா" என்று மட்டும்தான் சொல்லிவைத்தாள். ஆனால் எங்கள் பக்கம் காத்து என்றால் வெறும் காற்று இல்லை. காத்து கருப்பு அண்டிவிட்டது என்பார்களே, அந்தக் காத்து. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு குடும்பமே ஆட்டோ பிடித்து வந்து, சோறு இறங்காமல் துவண்டு கிடந்த மருமகளை அவள் முன்னால் உட்கார வைத்து, "இது எத்தன நாள்ல எறங்கும் தாயி?" என்று கேட்டது. பாண்டிச்செல்வி அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவைத்தாள். அந்தப் பெண் உண்டாகியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெருமையையும் ஊர் இவள் கணக்கிலேயே எழுதிவிட்டது.

உண்மையில் அவள் படித்தது செவ்வாய்க் கிரகத்தில் அடிக்கும் சுழல்காற்றை. வெயிலில் காய்ந்த கண்மாய்க்குள் மத்தியானத்தில் தூசியும் சருகும் பாலிதீன் பையுமாகச் சுற்றிக்கொண்டு ஓடுமே, எங்கள் பெண்கள் பார்த்ததும் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு "தூ தூ" என்று துப்புவார்களே, அதே வகைதான். அங்கே அது மலையைவிட உயரமாக எழும்பும். இத்தனைக்கும் செவ்வாயின் காற்றுக்கு நம் காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெலிந்த காற்று எப்படி மண்ணைத் தூக்குகிறது, எவ்வளவு தூக்குகிறது என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்ச் செவ்வாயைக் கட்டிப் பார்ப்பதுதான் மதுரையில் அவள் செய்த ஆராய்ச்சி.

வானத்தையும் தரையையும் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்துக்கொள்வாள். ஒவ்வொரு பெட்டிக்கும் சூடு, அழுத்தம், காற்றின் வேகம் என்று எண்களைக் கொடுப்பாள். பிறகு சூரியனை உதிக்க வைப்பாள். தரை சுட்டதும் அதை ஒட்டிய காற்று லேசாகி மேலே ஏறும். ஏறிய இடத்தை நிரப்ப நாலாபுறமிருந்தும் காற்று ஓடிவரும், ஓடிவந்தது சுழலும், சுழலின் நடுவில் அழுத்தம் குறைந்து தூசி கிளம்பும். இதெல்லாம் திரையில் நடக்க ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருக்கும். நம் ஆட்கள் பார்த்தால் சினிமா ஓடுகிறது என்று நினைப்பார்கள். அதில் கதாநாயகனும் இல்லை, பாட்டும் இல்லை.

முதல் வருடத்தில் அவள் செய்த பொய்ச் செவ்வாயில் விடியற்காலையிலேயே சுழல்கள் கிளம்பின. பாண்டிச்செல்விக்கு ஒரே சந்தோஷம். யாரும் காணாததைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, வழிகாட்டிப் பேராசிரியையிடம் ஓடிப் போய்க் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தரை சுடுறதுக்கு முன்னாடி சுழல் எப்படிம்மா வரும்? காலையில சுழல் வந்தா அது காற்று இல்ல. உன் கணக்குல எங்கேயோ பொய் இருக்கு. போய்த் தேடு." தேடினாள். இருந்தது. தரையின் சூட்டை ராத்திரியில் தணிக்காமலே விட்டிருந்தாள். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். அன்றைக்கு அவமானமாக இருந்தாலும் அந்த வாக்கியத்தை அவள் மறக்கவில்லை. காலையில் சுழல் வந்தால், எங்கேயோ பொய் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வருவாள். அப்பா முத்துக்கருப்பன் வெள்ளைத்துரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அறைக்கு எத்தனை பேர், தட்டுக்கு எவ்வளவு வெடிமருந்து, எது எப்போது காயவேண்டும் என்று பார்க்கிற வேலை. மருந்து அறைக்கூலியாகச் சேர்ந்து, இரும்பு படாமல் செருப்பில்லாமல் நடந்து நடந்து மேலே வந்தவர். அதிகம் பேசமாட்டார். மகள் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து செவ்வாய், தூசி, அழுத்தம் என்று அடுக்குவாள். அவர் குழம்பைப் பிசைந்தபடியே "ம்" என்பார். ஒருநாள் அவளே கோபித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் சொல்றது காதுல விழுதா? சும்மா ம் கொட்டிக்கிட்டிருக்கீக."

"விழுது தாயி. நீ சொல்லு."

அவள் நம்பவில்லை. சுவரிடம் பேசுவதும் இவரிடம் பேசுவதும் ஒன்று என்று கருப்பம்மாளிடம் குறைப்பட்டாள்.

வெட்கக்கேடு தொடங்கியது ஒரு பள்ளிக்கூட விழாவில். சிவகாசியில் ஒரு பள்ளி அவளைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியது. கூடம் நிறையப் பிள்ளைகள். கடைசி வரிசையில் கம்பெனிச் சட்டையோடு முத்துக்கருப்பன். பாண்டிச்செல்வி செவ்வாயைப் பற்றிச் சொன்னாள். சுழலுக்குள் தூசி தூசியோடு உரசும்போது மின்சாரம் ஏறும், காற்று அங்கே மெலிசு என்பதால் பொறி தெறிக்கவும் வாய்ப்புண்டு என்றாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கைதட்டல் இல்லாத மேடை பொல்லாதது. அது நல்லவளையும் நாலு வார்த்தை கூடப் பேசவைக்கும்.

"செவ்வாயில மட்டும் இல்ல," என்றாள், குரலை உயர்த்தி. "நம்ம ஊர்ப் பேய்க்காத்துக்குள்ளயும் நெருப்புப் பொறி ஒளிஞ்சிருக்கு!"

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. நம் காற்று கனமானது, இங்கே பொறி அவ்வளவு லேசில் தெறிக்காது என்பது அவளுக்குத் தெரியும். இங்கே ஒரு சுழல் எதையாவது பற்றவைத்ததாக அவள் எங்கேயும் படித்ததில்லை. தெரிந்தேதான் சொன்னாள். உள்ளூர் கேபிள்காரன் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டான். சிவகாசி முழுக்கச் சுற்றியது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தீபாவளி சீசன் நெருங்கியது. எங்கள் ஊரில் சீசன் என்றால் பிறகு பேச்சே இல்லை. கல்யாணம் தள்ளிப்போகும், காய்ச்சல்கூடத் தள்ளிப்போகும். ஒரு சாயங்காலம் திடீரென்று மழை கொட்டியது. காயப்போட்டிருந்த மணிமருந்துத் தட்டுகளை, அதாவது வானத்தில் போய்ப் பூவாக விரியும் வெடிகளுக்குள் வைக்கிற மருந்து உருண்டைகளை, அவசரமாகக் கொட்டகைக்குள் அடுக்கினார்கள். மறுநாள் காலை, டீ வாளி வருவதற்கு முன்பே, ஈரம் காயாத களத்தில் அவற்றை மறுபடி பரப்பும்போது வெடித்தது. கொட்டகை போய்விட்டது. உயிர் போகவில்லை. ராமுத்தாய் என்பவளுக்கு மட்டும் இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோயின.

எங்கள் பக்கத்துப் பேப்பரில் இந்தச் செய்திக்கு அச்சுக் கோத்தே வைத்திருப்பார்கள். "உராய்வு காரணமாக வெடித்ததாகக் கூறப்படுகிறது." யார் உரசியது, யார் உரசச் சொன்னது என்பது மட்டும் எந்தப் பேப்பரிலும் வராது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் கிடப்பவர் பெயரில் அந்த உராய்வை எழுதி முடித்துவிடுவார்கள். இந்தத் தடவையும் கம்பெனி மேனேஜர் அதைத்தான் சொல்லப் பார்த்தார். ராமுத்தாய் தட்டைத் தரையில் தேய்த்து இழுத்தாள் என்று. விசாரணைக்கு வந்த அதிகாரி போர்மேனைக் கேட்டார். முத்துக்கருப்பன் சொன்னது வேறு.

"ராமுத்தாய் மேல தப்பில்ல சார். சுழிக்காத்து அடிச்சது. தூசியக் கெளப்பிக்கிட்டு களத்துக்குள்ள வந்துச்சு. தூசியும் தூசியும் ஒரசுனா கரண்ட் ஏறும் சார். சின்னத் தூசி மேல போயிரும், பெரிய தூசி கீழ நிக்கும், நடுவுல பொறி தெறிக்கும். எம்மக அதத்தான் படிக்கா. அவளக் கூப்பிட்டுக் கேளுங்க."

வெள்ளைத்துரை முதலாளிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காற்று யார்மேலும் கேஸ் போடாது. காற்றைப் பிடித்து ஜெயிலில் வைக்கவும் முடியாது. சீல் வைத்த களத்தைத் திங்கட்கிழமை திறந்துவிடலாம், ஆர்டரும் தப்பிக்கும்.

செய்தி கேட்டு மதுரையிலிருந்து வந்த பாண்டிச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். கருப்பம்மாள் பெருமையாக அத்தனையும் ஒப்பித்தாள். சின்னத் தூசி மேலே, பெரிய தூசி கீழே. இவள் சோற்றுத் தட்டுக்கு எதிரே சொன்னதில் ஒரு வார்த்தை சிந்தாமல் அந்த மனிதர் அள்ளி வைத்திருக்கிறார். சுவர் என்று நினைத்தது அத்தனையையும் கேட்டிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பாள். இன்றைக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அப்பா, தரை நனைஞ்சு கெடந்துச்சா?"

முத்துக்கருப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் வந்துருச்சா அப்ப?"

"ரெட்டத் தட்டா அடுக்கி இழுக்கச் சொன்னேன்," என்றார் அவர், கேட்ட கேள்விக்கு இல்லாத பதிலாக. "ஒத்தத் தட்டா வச்சா லோடு போய்ச் சேராது. அவ பயந்தா. நாந்தான் வெரசா இழு, வெரசா இழுன்னேன். அவ மேல சொல்லச் சொல்றாக தாயி. எனக்கு வாய் வரல. எம்மேல சொன்னா உள்ள போகணும். அதான் காத்து மேல போட்டேன். காத்துக்கு என்ன நட்டம்?"

பாண்டிச்செல்வியின் கண்முன் நின்றது அப்பாவின் பொய் இல்லை, தனக்குக் கிடைத்த கைதட்டல். நெருப்புப் பொறி ஒளிஞ்சிருக்கு என்று அன்றைக்கு வாயைப் பிளக்காமல் இருந்திருந்தால், இந்த மனிதருக்கு ஒளிந்துகொள்ள ஒரு காற்றே கிடைத்திருக்காது. படித்த பெண் கட்டிக் கொடுத்த பொய்க்குள் படிக்காத அப்பா குடியேறியிருக்கிறார். சே, என்ன பிழைப்பு இது என்று நினைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ராமுத்தாய் இரண்டு கையிலும் கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தாள். வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் அவள் மகள் கற்பகவல்லி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள்.

"வா தாயி," என்றாள் ராமுத்தாய். "அம்புட்டு தூரத்துல, செவ்வாயில, நெசமாவே காத்து அடிக்குதா?"

"அடிக்குது சித்தி."

"அங்க யாரு துப்புவா?" என்று சிரிக்கப் பார்த்தாள். கழுத்து இழுத்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ காத்துன்னே சொல்லிரு. ஒங்கப்பன் பாவம். எம்மேல பழி வராமப் பாத்துக்கிட்டாரு. எனக்கு ஆனது ஆயிப்போச்சு. அவரு உள்ள போனா எங்கையி வளந்துருமா?"

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"திங்கக்கெழம களத்தத் தெறந்துட்டா இவ போயிருவா," என்று ராமுத்தாய் மகளைக் காட்டினாள். "எம் எடத்துக்கு இவள எடுத்துக்கிறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. சீசன் முடியுற வரைக்கும்."

கற்பகவல்லியின் விரல்கள் மெலிந்து நீளமாக இருந்தன. கஞ்சி சிந்தாமல் கரண்டியை அம்மாவின் உதட்டில் வைக்கத் தெரிந்த விரல்கள். பாண்டிச்செல்வி அவற்றைப் பார்த்தாள். பார்த்த பிறகு அவளால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவள், திரும்ப உள்ளே போகவேயில்லை.

அதே களம், அதே தட்டு, அதே வெரசா. கற்பகவல்லி இழுப்பாள். வெடித்தால் மறுபடி காற்று. காற்றின் மேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், அது மறுத்துப் பேசாது. மறுத்துப் பேசவேண்டியவள் தான் ஒருத்தி மட்டுமே என்று அவளுக்குப் புரிந்தது. பேசினால் அப்பா ஜெயிலுக்குப் போவார். பேசாவிட்டால் இந்தப் பெண் களத்துக்குப் போவாள். பஸ் ஊருக்கு வந்து சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து வந்த எங்கள் தெருப் பையன் பிறகு எங்களிடம் சொன்னான்.

விசாரணை அதிகாரி களத்துக்கே அவளை வரச்சொன்னார். கரிந்த கொட்டகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளைத்துரை முதலாளி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். "வாம்மா, சயின்டிஸ்டு!" என்று அவரே எழுந்து இடம் கொடுத்தார். இரும்புக் கதவுக்கு வெளியே கம்பெனி வேலைக்காரர்கள் நாங்கள் கூட்டமாக நின்றோம். போர்மேன் பக்கத்து வேப்பமரத்தடியில் தோளில் துண்டோடு நின்றார். மகளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சொல்லு தாயி என்கிற தலையசைப்பு. சோற்றுத் தட்டுக்கு முன்னால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்ததுதான்.

அதிகாரி போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். சால்வையோடு பாண்டிச்செல்வி முழங்கினாள். நெருப்புப் பொறி ஒளிஞ்சிருக்கு. கைதட்டல். களத்தில் நின்ற பாண்டிச்செல்விக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

"இது நீங்க சொன்னதுதானேம்மா?"

"நான் சொன்னதுதான் சார்." நிறுத்தினாள். "தப்பாச் சொன்னேன். பிள்ளைக கைதட்டணும்னு சொன்னேன். அங்க இருக்குற காத்து வேற, இங்க இருக்குற காத்து வேற."

முதலாளியின் முகம் மாறியது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"அப்ப அன்னைக்கு இங்க காத்து அடிக்கலன்னு சொல்றீங்களா? உங்கப்பா பாத்தேன்னு சொல்றாரே."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லமுடியாது என்று தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தரை சுட்டாத்தான் சார் சுழல் கெளம்பும். மத்தியானத்துல வரும். மொத நாள் மழையில நனைஞ்ச தரையிலருந்து தூசி எந்திரிக்காது. இங்கயும் அப்படித்தான், செவ்வாயிலயும் அப்படித்தான். காலையில சுழல் வந்துச்சுன்னா..." அந்த இடத்தில் குரல் உடைந்தது. "காலையில வந்துச்சுன்னா அது காத்து இல்ல சார்."

என்ன என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் முத்துக்கருப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்தத் துண்டை அவர் முதலாளிக்கு முன்னால்கூட எடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

"புள்ள சொல்றதுதான் சரி சார்," என்றார். "காத்து வரல. நாந்தான் ரெட்டத் தட்டா இழுக்கச் சொன்னேன்."

"யார் சொல்லி அப்படிச் சொன்னே?"

முத்துக்கருப்பன் முதலாளியையும் பார்த்தார், மேனேஜரையும் பார்த்தார். இத்தனை வருடப் பழக்கம் வாயைக் கட்டியது.

"சீசன் சார்," என்றார்.

"சீசனா வந்து ஆர்டர் புடிச்சுச்சு?" என்று கேட்டுவிட்டு அதிகாரி முதலாளியின் பக்கம் திரும்பினார். முதலாளிக்கு அன்று சாயங்காலமே நெஞ்சுவலி வந்தது. பெரிய மனிதர்களின் நெஞ்சு எப்போதும் சமயம் பார்த்துத்தான் வலிக்கும். போர்மேனுக்கு அப்படி ஒரு நெஞ்சு வாய்க்கவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

களம் திங்கட்கிழமை திறக்கவில்லை. சீசன் முழுக்கத் திறக்கவில்லை. கற்பகவல்லி விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் பில் போடப் போனாள். ஊர் பாண்டிச்செல்வியை மெச்சியது என்று எழுதினால் பொய். வேலை போன நாங்கள் குழாயடியில் அவள் காதுபடப் பேசினோம். பெற்ற அப்பனைக் காட்டிக் கொடுத்தவள் என்றார்கள், நானும்தான் தலையாட்டினேன். கருப்பம்மாள் தட்டில் சோறு போட்டாள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. பாண்டிச்செல்வி மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் சூரியன் உதிக்கும். அவளுக்கு உடனே மூடிவிடத் தோன்றும். பள்ளிகளிலிருந்து அழைப்பு வந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள்.

முத்துக்கருப்பன் ஜாமீனில் வந்தார். மெலிந்திருந்தார். மகளிடம் கோபமாகவும் இல்லை, பழையபடியும் இல்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து சோறு போட்டால் சாப்பிடுவார். அவள் எதுவும் சொல்லமாட்டாள், அவரும் "ம்" கொட்ட வழியிருக்காது.

பங்குனி வெயிலில் ஒருநாள் மத்தியானம், வாசலில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கூப்பிட்டார்.

"ஏத்தா, வெளிய வா. வந்து பாரு."

வற்றிய கண்மாய்க்குள் ஒரு சுழல் எழும்பியிருந்தது. சருகையும் பட்டாசுக் காகிதத் துண்டுகளையும் பனை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, நிதானமாக மேற்கே நகர்ந்தது. தெருப்பெண்கள் கூந்தலை அள்ளி முடிந்தார்கள், துப்பினார்கள். பாண்டிச்செல்வி அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அது கரையேறிக் கலைகிறவரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ சொன்ன அத்தனையும் கேட்டு வச்சிருந்தேன் தாயி," என்றார் முத்துக்கருப்பன், திரும்பிப் பார்க்காமலே. "வர்ற நேரத்த மட்டும் கேக்காம விட்டுட்டேன்."

கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் அப்பா என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. பொய்யே சொல்லியிருக்க மாட்டாரா, இல்லை பொய்யை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்துச் சொல்லியிருப்பாரா? எந்தப் பதில் வந்தாலும் தாங்க முடியாது என்று தோன்றியது. "உள்ள வாங்க, வெயில் சுடுது" என்று மட்டும் சொன்னாள். அவர் "ம்" என்றார்.